ஏழு சீட்டிலும் டாக்டர்

போன வாரம் உங்களில் ஒருவர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். பிழைதிருத்தும் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறதாம். கையில் ஒரு மனோதத்துவத் திகில் நாவலின் பிரதி. முகம் தொங்கிப்போயிருந்தது. "நாலாவது அத்தியாயத்துலயே தெரிஞ்சிடுச்சு சார். புருஷன்தான்" என்றார். அடித்துப் பிடித்து ஜன்னலோர இருக்கை பிடித்த பிறகு ஜன்னல் திறக்காது என்று தெரிந்துகொண்டவர் குரல் அது.

எனக்கும் அந்த முகம் இருந்தது, தம்பி தங்கைகளே. வருடக்கணக்கில் வைத்திருந்தேன். மாதம் ஒரு கொலைக் கதையைப் பிழை பார்த்துப் பார்த்து, கொலைகாரன் உள்ளே நுழையும்போதே அவனுக்கு நாற்காலி போட்டு உட்காரவைக்கிற அளவுக்கு எனக்குப் பழகிவிட்டிருந்தது. தெரிந்துவிட்டதே என்கிற சலிப்பையே என் திறமை என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த முகம் என்னிடமிருந்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, பதினொரு மணிவாக்கில், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கழன்று விழுந்தது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்ட பிறகு நினைத்துப் பார்க்க நிறைய நாட்கள் இருக்கின்றன. எந்தப் பக்கம் நடந்தாலும் கால் அந்த நாளில்தான் போய் நிற்கிறது.

எண்பதுகளின் பிற்பாதி. எங்கள் அச்சகத்துக்கு ஒரு பக்கம் போல்ட், நட்டு செய்கிற பட்டறை. மறுபக்கம் ரப்பர் வளையம் செய்கிற பட்டறை. இரும்புத்தூள் வாசனையும் எரிந்த ரப்பர் வாசனையும் எங்கள் கூடத்தில்தான் சந்தித்துக்கொள்ளும். கொலை நாவல் அடிக்க அதைவிடப் பொருத்தமான காற்று கிடையாது. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம் எல்லாம் அடிப்போம். ஆனால் எங்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது மாத நாவல். தொண்ணூற்றாறு பக்கம். பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு பாரம். ஆறு பாரத்துக்குள் ஒரு காதல், ஒரு கொலை, ஒரு கைது.

எழுத்தாளர் முழுக் கதையையும் ஒரே முறையில் கொடுக்க மாட்டார். முதல் பாரம் மிஷினில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஐந்தாம் பாரம் அவர் தலைக்குள் இருக்கும். ஈய எழுத்துகளைக் கோக்கிற கம்போஸிங்கில் ஏழு பேர். ஒருவர் கையில் ஒன்பதாம் பக்கம், அடுத்தவர் கையில் பத்தாம் பக்கம் என்று பிரித்துக் கொடுப்போம். முழுக் கதை யார் கையிலும் இருக்காது. எழுத்துப் பொறுக்கிக்கொண்டே ஒருவருக்கொருவர் சொல்லித்தான் கதையைத் தைத்துக்கொள்வார்கள். "உன் பக்கத்துல அவ எங்க கீறா?" "மாடில. உன்னுதுல?" "என்னுதுல கீழ எறங்கிகினு கீறா." இப்படி.

இரண்டாம் பாரம் முடிந்ததும் பந்தயம். யார் கொலைகாரன் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி, எழுத்துப் பெட்டியில் 'ஔ' இருக்கும் அறைக்குள் போட்டுவிட வேண்டும். அந்த எழுத்து அதிகம் தேவைப்படாது. ஔவையாரோ ஔஷதமோ வந்தால்தான் உண்டு. மாதம் முழுக்க அந்த அறையில் கைவைக்க யாருக்கும் வேலை இருக்காது. புத்தகம் முடிந்ததும் நான் பிரித்துப் படிப்பேன். தோற்றவர்கள் சாயங்காலம் எல்லோருக்கும் மசால்வடை வாங்க வேண்டும். சேர்ந்த நாள் முதல் தோற்காதவர் கன்னியம்மாக்கா.

கன்னியம்மாக்காவைச் சொல்லிவிடுகிறேன். பாரிவாக்கத்துக்காரர். அவர் வீட்டில் இந்த வேலைக்கு வந்த முதல் ஆள். அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் வயலில் நட்டும் அறுத்தும் வாழ்ந்தவர்கள். அவர் வீட்டுக்காரருக்கு எஸ்டேட்டில் வேறொரு தொழிற்சாலையில் வேலை. அந்தத் தொழிற்சாலை நான்கு மாதமாகக் கதவடைப்பில் கிடந்தது. வீடு அக்காவின் விரல் நுனியில் நின்றது.

எங்கள் மாத நாவலும் அப்போது நொண்டிக்கொண்டிருந்தது. மின்வெட்டால் இரண்டு மாதம் தொடர்ந்து தேதி தப்பியிருந்தோம். முதலாளி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொன்னார்: "இந்த மாசமும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்சல் ரயில் ஏறலைன்னா, மாத நாவலை மூடிடுவேன். கல்யாணப் பத்திரிகைக்கு ரெண்டு பேர் போதும் எனக்கு." ஏழில் இரண்டு போனால் மீதி எத்தனை என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டது எனக்குக் கேட்டது. பிழை பார்க்கிறவனையும் சேர்த்தால் ஆறு.

அந்த மாதக் கதையை எழுதியவர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் கிளார்க். அம்பாசமுத்திரம் பக்கத்து மனிதர். குவார்ட்டர்ஸ்வாசி. புனைபெயரில் எழுதுவார். நாங்கள் ரைட்டர் சார் என்போம். குடையை மடித்து, ஈரமில்லாவிட்டாலும் ஒருமுறை உதறி, ஓரமாய்ச் சாய்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். கதை? முந்தைய கதையின் பிழை திருத்தி முடித்த அன்று, அவர் கேட்காமலே நான் சொன்னேன்: "இருபதாம் பக்கத்துலயே தெரிஞ்சிடுது சார்."  அவர் குடையை எடுத்து இன்னொரு முறை உதறினார். போய்விட்டார்.

நான் செய்த முதல் தவறு அது. அப்போது அதைத் தவறு என்று நான் நினைக்கவில்லை. நேர்மை என்று நினைத்தேன்.

புதிய கதையில் ஒரு பெண். புதுக் குடித்தனம். கணவன் வேலைக்குப் போனதும் வீட்டுக்குள் யாரோ நடமாடுகிற சத்தம். சாமான்கள் இடம் மாறுகின்றன. எல்லோரும் அவளுக்குத்தான் மனம் சரியில்லை என்கிறார்கள். கணவன், வாடகை வாங்கும் வீட்டுக்காரம்மாள், மனநல டாக்டர், இந்த மூன்று பேரில் ஒருவர் அவளைப் பைத்தியமாக்கிக் கொல்லப் பார்க்கிறார். ஐந்து பாரம் வந்துவிட்டது. ஐந்தாவதோடு ஒரு துண்டுச் சீட்டு: 'கடைசிப் பாரம் புதன்கிழமை தருகிறேன். இந்த முறை உங்களை ஏமாற்றாமல் விடமாட்டேன்.'

புதன்கிழமை வரவில்லை.

வியாழக்கிழமை காலை அச்சகத்துக்கு வந்து பார்த்துவிட்டு, வந்த வழியே ரயில் பிடித்து ஆவடிக்குத் திரும்பிப் போனேன். குவார்ட்டர்ஸ் கதவில் பூட்டு. பக்கத்து வீட்டு அம்மாள் கையில் துவைத்த துணியோடு சொன்னார்: "வீட்டம்மா ஊருக்குப் போயிருக்காங்க தம்பி. இவரு லீவு போட்டிருக்காரு. காலையில பையத் தூக்கிட்டுப் போறாரு, இருட்டினா வராரு. எங்கன்னு யாருக்குத் தெரியும்?" எழுதி வைக்க ஒரு தாள் இல்லாமல் கையிலிருந்த ரயில் டிக்கெட்டின் பின்னால் 'உடனே வரவும்' என்று எழுதிக் கதவிடுக்கில் செருகினேன். சேக்காட்டுப் பக்கம் ஒரு தேநீர்க் கடையிலும் விசாரித்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு அச்சகம் திரும்பினேன்.

ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேலையில்லாத கம்போஸிங் கூடம் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பக்கத்துப் பட்டறையில் போல்ட் விழுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

"இன்னா சார், ஆளு கெடச்சாரா?" என்றார் கன்னியம்மாக்கா.

"இல்லக்கா."

"அப்ப நாளைக்கு?"

அந்தக் கேள்விக்குப் பதிலாக நான் செய்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். எழுந்துபோய் ஔ அறைக்குள் கைவிட்டேன். ஏழு சீட்டையும் எடுத்து மேஜையில் பரப்பினேன். ஒன்றில் 'டாக்டர்'. அடுத்ததில் 'டாக்டரு'. இன்னொன்றில் 'அந்த கண்ணாடி போட்ட டாக்டர்'. ஒன்றில் எழுத்தே இல்லை, ஸ்டெதஸ்கோப் படம். ஏழிலும் டாக்டர்.

"ஏழு பேரும் ஜெயிச்சா வடை யாரு வாங்கறது?" என்று ஒருவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. நான் என்ன யோசிக்கிறேன் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டிருந்தது.

"நானே எழுதறேன்" என்றேன்.

மிஷின்மேன் தாஸ் அண்ணன் வாசலில் நின்று பீடியை அணைத்தார். "இன்னா நைனா சொல்ற? அந்தாளு பேர்ல நீ எழுதுவியா? நாளைக்கு அந்தாளு வந்து, கொலைகாரன் வீட்டுக்காரம்மான்னு சொன்னா?"

"சொல்ல மாட்டார்ண்ணே. அவருக்கு வேற முடிவு எழுத வராது."

என் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. அதில் இருந்த திமிர் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது என்பதும் உண்மை. அது திமிர் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத உட்கார்ந்தேன். ஒரு தாள் முடிவதற்குள் கையிலிருந்து பிடுங்கிப் போனார்கள். சொல் யோசிக்க நேரமில்லை. சொல் தேவைப்பட்டால் யாராவது நின்ற இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். டாக்டர் மாட்டிக்கொண்டான். ஏன் செய்தான் என்று ஒன்றரைப் பக்கம் பேசினான். போலீஸ் வந்தது. கணவன் அழுதான். பதினாறாம் பக்கத்துக்கு வந்தபோது எனக்குள் அந்தப் பழைய சலிப்பு தலைதூக்கியது. எல்லோருக்கும் தெரிந்த முடிவா? என்னால் ஒரு குலுக்கல் கொடுக்க முடியாதா? கடைசி வரிகளாக இப்படி எழுதினேன்: 'எல்லோரும் போன பிறகு அவள் விளக்கை அணைத்தாள். அப்போது, கதவு மெதுவாகத் தட்டப்பட்டது.'

கடைசித் தாள் கன்னியம்மாக்காவிடம் போனது. கம்போஸ் செய்யும் கை பாதியில் நின்றது.

"சார், இந்தக் கதவு தட்றது வேணுமா?"

"அதுதான்க்கா திகில்."

அக்கா என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு எழுத்துகளைப் பொறுக்கத் தொடங்கினார். அந்தப் பார்வையைப் படிக்க எனக்கு நேரமில்லை. பிழை பார்க்கிறவனுக்கு நேரமில்லை என்றால் யாருக்கு இருக்கும்?

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடைசிப் பாரம் மிஷின் ஏறியது. தாளின் ஒரு பக்கம் ஓடி முடிய வேண்டும், பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கம், பிறகு மடிப்பு, தையல், மாலை ரயில். பத்தரை மணி இருக்கும். வாசலில் ஒரு குடை உதறப்படும் சத்தம்.

தாடி ஒரு வாரத்தது. சட்டைப் பையில் என் ரயில் டிக்கெட் எட்டிப் பார்த்தது. கையில் தாள் கட்டு. "மன்னிச்சுக்கிடணும்" என்றார் ரைட்டர் சார். "ராத்திரிதான் முடிஞ்சுது. நீங்க படிங்க. இப்பவே படிங்க. நான் பாத்துக்கிட்டு நிக்கேன்."

மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. என்ன ஓடுகிறது என்று அவர் கேட்கவில்லை. அச்சகம் என்றால் ஏதாவது ஓடும்தானே.

நின்றபடியே படிக்க ஆரம்பித்தேன். முதல் இரண்டு பக்கம் சரி. மூன்றாம் பக்கம் திருப்பினேன். டாக்டர் தன் கிளினிக்கில் கைகால் கட்டப்பட்டு, வாயில் துணி அடைக்கப்பட்டு, நினைவில்லாமல் கிடக்கிறான். யாரோ அவனை அடித்துப்போட்டிருக்கிறார்கள்.

 டாக்டர் இல்லையா? மிஷின் பக்கம் கண் போனது. தாஸ் அண்ணனின் கை தாளை வாங்கி வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தாளிலும் டாக்டர் கொலைகாரன். ஆறாம் பக்கத்தில் கணவனின் டைரி கிடைக்கிறது. அதில் மனைவியின் மாத்திரைக் கணக்கு. எனக்கு வேர்த்தது. ஒன்பதாம் பக்கத்தில் வீட்டுக்காரம்மாளிடம் இன்னொரு சாவி. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு அவருடைய முத்தெழுத்தில் விழுந்து மை கரைந்தது.

வாழ்நாளில் எத்தனை கதை படித்திருப்பேன். ஒவ்வொன்றிலும் என் ஊகம் பொய்யாக வேண்டும் என்று ஏங்கியே படித்தவன் நான். அன்று வேண்டிக்கொண்டது நேர்மாறு: கடவுளே, இந்தக் கதை எப்போதும்போல இருக்கட்டும். இவர் திறமை இந்த மாதம் வளராமல் இருக்கட்டும். எனக்குத் தெரிந்ததே நடக்கட்டும். கூடத்தின் அந்தக் கோடியில் ஏழு பேரும் கையில் எழுத்தோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதின்மூன்றாம் பக்கம். அந்தப் பெண், டாக்டரைக் கட்டியிருந்த கயிற்றை எடுத்துப் பார்க்கிறாள். அது தன் கையால் தன்னையே கட்டிக்கொள்ளக்கூடிய முடிச்சு.

டாக்டர்தான்!

மூச்சு என்னிடமிருந்து சத்தமாகவே வெளியே போனது. பக்கத்திலிருந்த தாள் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். கைக்குட்டை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. கன்னியம்மாக்காவைப் பார்த்துத் தலையசைத்தேன். கூடத்தின் அந்தக் கோடியில் ஏழு தோள்கள் இறங்கின.

ரைட்டர் சாரின் கண் கலங்கியிருந்தது.

"பாத்துட்டேன்" என்றார். "உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன்லா. மூணாம் பக்கத்துல வெளுத்துட்டு. ஒம்பதுல வேர்த்துட்டு. பதிமூணுல மூச்சு விட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் சார் ஒரு வாரம் திருவள்ளூர் ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்து கெடந்தேன். இந்தத் தடவ உங்கள ஏமாத்திட்டேன்லா?"

தம்பி தங்கைகளே, அந்த இடத்தில் எனக்கு ஒரு சொல் போதுமாயிருந்தது. 'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாம். அவர் சந்தோஷமாக ரயிலேறிப் போயிருப்பார். மூன்று நாள் கழித்துக் கடையில் புத்தகத்தைப் புரட்டும்போது தெரிந்துகொண்டிருப்பார். 'ஆமாம்' தொண்டைவரை வந்தது. வெளியே வந்திருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏனென்றால் அந்த நேரம் பார்த்து மிஷின் நின்றது.

"நைனா!" என்று தாஸ் அண்ணன் கூவினார். "ஒரு பக்கம் முடிஞ்சிச்சி. கடைசி பாரத்தத் திருப்பிப் போடவா?"

ரைட்டர் சார் என் கையிலிருந்த தன் கடைசிப் பாரத்தைப் பார்த்தார். பிறகு மிஷினைப் பார்த்தார். "எந்தக் கடைசி பாரம்?" என்று கேட்டார்.

எழுந்து நின்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி சொன்னது, பூட்டிய கதவு, ஔ அறை, சீட்டுகள். சாக்குச் சொல்லவில்லை என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன், பாதி சாக்குத்தான். முடிவில் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னேன்: "உங்க பேர்ல நான் எழுதியிருக்கேன் சார். வேண்டாம்னா சொல்லுங்க, ஓடின அத்தனையும் கிழிச்சிடறேன். தேதி தப்பும். அதை முதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவர் ஓடிய தாள் ஒன்றையும் மறுபக்கத்துக்கான ப்ரூஃபையும் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார். தாளில் பக்கங்கள் தலைகீழும் நேருமாகக் கலந்து கிடந்தன. கன்னியம்மாக்கா அருகே போய், பக்க வரிசைப்படி தாளைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். ரப்பர் பட்டறையின் பதினொரு மணிச் சங்கு ஊதி ஓய்ந்தது. அவர் படித்து முடித்தார்.

"ஏழு பேருமா?" என்றார்.

"ஏழு பேரும் சார்."

"ஒருத்தர்கூட புருஷன்னு எழுதலியா?"

"புருசன் பாவம் சார்" என்றார் கன்னியம்மாக்கா. "அவனுக்கு அம்மாம் மூளையெல்லாம் ஏது?"

ரைட்டர் சாரின் உதடு ஒரு பக்கமாக நெளிந்தது. "எந்த எடத்துல கண்டுபிடிச்சீங்க? இருபதாம் பக்கமா?"

"பன்னெண்டு. டாக்டரு பீஸு வேணாம்மான்னு சொல்றான் பாருங்க. எந்த ஊர்ல சார் டாக்டரு பீஸு வேணான்றான்? அங்கயே வந்துகினான் மாமே மாட்டிகினான்னு சொல்லிட்டேன்."

மிஷின் பக்கமிருந்து தாஸ் அண்ணன் சிரித்துவிட்டார். ரைட்டர் சார் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்: "எட்டு முடிவு எழுதிப் பாத்தேன். வீட்டுக்காரம்மா, புருஷன், அவளே, யாருமே இல்ல, எல்லாம். எந்த வழியா போனாலும் அந்த டாக்டர்ட்டதான் போய் முட்டுது. சார் சொன்னது சரிதான். எனக்கு ஏமாத்த வராது."

போன கதைக்கு நான் அவரிடம் சொன்னதைத்தான் சொல்கிறார்.  பக்கத்தில் போல்ட் விழுந்தது, ஒன்று, இன்னொன்று.

"இன்னாத்துக்கு சார் ஏமாத்தணும்?" என்றார் கன்னியம்மாக்கா. ஆறுதல் சொல்கிற குரல் இல்லை. சண்டைக்குப் போகிற குரல். "எங்க ஊட்டுக்காரரு நாலு மாசமா தெனம் காலைல கேட்டாண்ட போய் நிக்கிறாரு. தொறப்பானா மாட்டானா, ஒருத்தனுக்கும் தெரியாது. இந்தப் புக்கு நடக்குமா நிக்குமா, நேத்து மதியானம் வரைக்கும் எனக்குத் தெரியாது. திகிலு எங்க ஊட்லயே குந்தினு கீது சார். உங்க கதைல டாக்டருதான்னு தெரிஞ்சிகினா, தைரியமா உள்ள பூந்து பூந்து பாக்கறோம். அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆவுது, எப்டி தப்பிக்கிறா. அதான் நாங்க கேக்கறது. நீங்க இன்னாடான்னா எட்டு முடிவு எழுதிகினு கீறீங்க."

ரைட்டர் சார் ப்ரூஃபை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"ஆனா ஒண்ணு" என்று அக்கா ப்ரூஃபின் கடைசிப் பக்கத்தில் விரல் வைத்தார். விரல் நுனி ஈயம் படிந்து கறுத்திருந்தது. "இந்தக் கதவு தட்றதெல்லாம் எழுதற ஆளு நீங்க இல்ல. நேத்தே சொன்னேன் இந்த சாராண்ட. கேக்கல."

ரைட்டர் சார் என் கையிலிருந்த தன் தாள் கட்டின் கடைசிப் பக்கத்தை உருவி என்னிடமே நீட்டினார். நான் பதின்மூன்றாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டிருந்தேன் அல்லவா? டாக்டர்தான் என்று தெரிந்ததும் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இப்போதுதான் அந்தப் பக்கத்தைப் படித்தேன். எல்லோரும் போன பிறகு அந்தப் பெண் இடம் மாறிய சாமான்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைக்கிறாள். உப்பு ஜாடி. சீப்பு. கடிகாரச் சாவி. கதவைத் தாழிடுகிறாள். படுக்கிறாள். தூங்குகிறாள். அவ்வளவுதான்.

ஏழு பேர் சீட்டும் சேர்ந்து கண்டுபிடிக்காதது அது. நானும் கண்டுபிடிக்காதது. ஐந்து பாரமாகத் தூங்காமல் இருந்தவள் அவள். அவளைத் தூங்கவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மறுபடியும் எழுப்பிவிடத்தான் தோன்றியது.

"இந்தக் கடைசிப் பக்கம் தாளோட எந்தப் பக்கத்துல இருக்கு? ஓடினதுலயா, ஓடாததுலயா?" என்று கேட்டார் ரைட்டர் சார்.

"ஓடாததுல சார்."

"அப்போ மத்தது இருக்கட்டும். உங்க டாக்டர் என் டாக்டரவிடக் கொஞ்சம் மரியாதையில்லாதவன், பரவால்ல. இத மட்டும் மாத்திருங்க. அந்தப் பிள்ளை தூங்கட்டும்."

கன்னியம்மாக்கா ஏற்கெனவே பெட்டியின் முன்னால் போய் நின்றிருந்தார். எழுத்துகள் விழுகிற சத்தம் நெல் அளக்கிற சத்தம் மாதிரி வேகமாகக் கேட்டது. அரை மணியில் பக்கம் தயார். ரைட்டர் சாரின் வரிகள் என்னுடையதைவிடக் குறைவு. பக்கத்தின் பாதி காலியாக நின்றது. அப்படி நின்றால் வழக்கமாக ஊதுபத்தி விளம்பரமோ பல்பொடி விளம்பரமோ வைத்து நிரப்புவோம்.

"நைனா, கீழ இன்னா வைக்கிறது?" என்றார் தாஸ் அண்ணன்.

நான் ரைட்டர் சாரைப் பார்த்தேன்.

"தூங்குதவ பக்கத்துல என்னத்துக்கு வெளம்பரம்?" என்றார். "சும்மா கெடக்கட்டும்."

மிஷின் மறுபடி ஓடியது. மடிப்பிலும் தையலிலும் எல்லோரும் உட்கார்ந்தோம். ரைட்டர் சாரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நாலே முக்காலுக்குக் கடைசிக் கட்டு வண்டியேறியது. வடையை நான் வாங்கினேன். ஏழு பேர் ஜெயித்த பந்தயத்தில் தோற்றவன் ஒருவன் இருந்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எட்டாவது வடையை ரைட்டர் சார் எடுத்துக்கொண்டார். முதலாளிக்கு இந்த விஷயம் தெரியாது. அவர் சாயங்காலம் வந்து, காலியாகக் கிடந்த அரைப் பக்கத்தைப் பார்த்து, "இடத்தை வீணடிச்சிட்டீங்களே" என்று மட்டும் திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டு நான் சிரித்தேன். அவருக்குக் காரணம் புரியவில்லை.

மாத நாவல் அதன்பிறகும் சில வருடங்கள் நடந்தது. ரைட்டர் சார் எழுதிக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளில் கணினி வந்து, ஔ அறையும் மற்ற அறைகளும் எடைக்குப் போன பிறகும் எழுதினார். கொலைகாரன் எப்போதும் தெரிந்துவிடுவான். நான் அதை அவரிடம் சொல்வதை நிறுத்தியிருந்தேன். பதிலாக, எப்போதும் கடைசிப் பக்கத்தை முதலில் கேட்டு வாங்கிப் படித்தேன். கதவடைத்த அந்தத் தொழிற்சாலை ஆறாவது மாதம் திறந்தது. யாரும் எதிர்பார்க்காத ஒரு செவ்வாய்க்கிழமை.

அதனால், நாலாவது அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது என்று என்னிடம் வந்தவருக்கு நான் சொன்னது இதுதான்: தெரிந்ததில் தப்பில்லை. அதோடு படிப்பதை நிறுத்திவிடாதீர்கள். நான் பதின்மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினேன். நிம்மதி வந்ததும் நிறுத்திவிட்டேன். ஏமாற்றத்தில் நிறுத்தினாலும் நிம்மதியில் நிறுத்தினாலும் மீதிப் பக்கங்கள் படிக்கப்படாமல்தான் கிடக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை அம்பத்தூரில் ரயிலேறி உட்கார்ந்ததும் கண் செருகியது. ஆவடியில் இறங்கிக் கோவில்பதாகைக்கு சைக்கிள் மிதிக்க வேண்டியவன் நான். ஆவடி எப்போது வந்தது, எப்போது போனது, தெரியாது. பெட்டியில் தெரிந்த முகங்கள் இருந்திருக்கும். யாரும் தோளைத் தட்டவில்லை. கண் விழித்தபோது திருவள்ளூர்.